சமாதான ஆய்வுக்குப் பணம் திரட்டுவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து பல நாட்டுக் கூட்டாய்வு தொடங்குபவர்களுக்கு

"அக்கா, இன்னும் மூணு வாரத்துல டெட்லைன், இலங்கையில யாராவது ஒரு பார்ட்னர் கிடைப்பாங்களா?" என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். ஆய்வு மானியங்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதும் கிடைத்த பணத்துக்குக் கணக்கு வைப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. அந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள், அடுத்த சுற்றுக்கு இன்றே தொடங்குங்கள். மூன்று வாரத்தில் கிடைக்கும் கூட்டாளி விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்தாக மட்டும்தான் இருப்பார். போர் நடந்த ஊரில் மக்களோடு உட்கார்ந்து பேசப்போவது அவர், பிரச்சினை வந்தால் அது அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும், ஆனால் பட்ஜெட்டில் தனக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

அதனால் நிதி தரும் அமைப்புகளின் பெயர்கள் இந்த வழிகாட்டியில் பாதி வழியில்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

1. அமைதி என்ற சொல்லைச் சுருக்குங்கள்

ஒஸ்லோவில் 1959 இல் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய யோஹான் கால்டுங், துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருப்பது ஒரு வகை அமைதி, அநீதி இல்லாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ்வது வேறொரு வகை என்று பிரித்துக் காட்டினார். உங்கள் ஆய்வு இதில் எந்தப் பக்கம் என்று முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். "ஆசியாவில் நீடித்த அமைதி" என்று எழுதினால், விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடும் நடுவருக்கு ஒன்றும் பிடிபடாது.

ஒரு உதாரணத்தை இந்தக் கட்டுரை முழுவதும் கூட எடுத்துப் போகலாம். இலங்கையில் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. காணி எல்லை, கடன், அண்டை வீட்டுச் சண்டை போன்றவை அங்கே போகும். பிலிப்பீன்ஸில் பரங்காய் எனப்படும் ஊர் அளவில் இதே போன்ற சமரச முறை 1978 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம் ஊரில் 1998 இலிருந்து சமூக சமரச நிலையம் இயங்குகிறது, மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தமும் ஜன்னல் வழியே வரும் சிகரெட் புகையும் அங்கே போகும் வழக்குகள். இந்த மூன்று இடங்களிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போகாமல் எப்படி ஒத்துப்போகிறார்கள், வேறு இனம், வேறு மதம் என்று வரும்போது சமரசம் செய்பவரை எப்படி நம்புகிறார்கள்? இது ஒரு கேள்வி. இதற்கு எங்கே போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட முடியும். கணக்குப் போட முடிந்தால்தான் பணம் கேட்க முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கேள்வியில் சிங்கப்பூருக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. பல விண்ணப்பங்களில் சிங்கப்பூர் என்பது வங்கிக் கணக்கும் விமான நிலையமும் மட்டுமாக நிற்கும், நடுவர்கள் அதை உடனே பிடித்துவிடுவார்கள். சமரசம் என்ற சொல் வந்ததும் சிலர் 2019 ஆகஸ்ட் 7 அன்று 46 நாடுகள் இங்கே கையெழுத்திட்ட சிங்கப்பூர் சமரச உடன்படிக்கையை இழுத்துப் போட்டு எழுதுவார்கள். அது நாடு கடந்த வணிகத் தகராறுகளுக்கானது, அண்டை வீட்டுச் சண்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தெரிந்தவர் படித்தால் உங்கள் மதிப்பு இறங்கும்.

2. கூட்டாளியோடு பேசும் முதல் பேச்சு பணத்தைப் பற்றி இருக்கட்டும்

நம்மவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். ஆய்வு, கோட்பாடு, முறை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் "பட்ஜெட் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிடுவோம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில் இருக்கும் ஒரு ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு திட்டம் நடந்தது. எங்கள் பக்கத்து ஒப்பந்தத்தில், அவர் முதலில் செலவு செய்து ரசீது அனுப்ப வேண்டும், நாங்கள் சரிபார்த்துத் திருப்பித் தருவோம் என்று இருந்தது. அந்த வரியை நான்தான் தட்டச்சு செய்தேன். கள உதவியாளர்கள் நாலு பேருக்கு நாலு மாதம் அவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசீதுகள் ஏன் தாமதம் என்று நான் போன் செய்தபோது, "அவசரமில்லை அக்கா, பிறகு பாப்பம்" என்றார். மகளின் டியூஷனை நிறுத்தியிருந்தார் என்பது எனக்கு வேறொருவர் மூலம்தான் தெரிய வந்தது. அன்றிலிருந்து முன்பணம் இல்லாத ஒப்பந்தம் எதையும் நான் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை.

ஆகவே முதல் பேச்சிலேயே இவற்றைக் கேளுங்கள்: உங்கள் நிறுவனம் வெளிநாட்டுப் பணம் வாங்க முடியுமா, எந்தக் கணக்கில், எவ்வளவு நாளில் உங்கள் கைக்கு வரும், உதவியாளர்களுக்கு மாதச் சம்பளமா நாள் கூலியா, உங்கள் ஊரில் நியாயமான தொகை எது, பல்கலைக்கழகம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும், எதைப் பற்றி ஆய்வு செய்தால் உங்களுக்கு ஆபத்து. கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. போனில் சொல்லவும் மாட்டார்கள். நேரில் போய்ப் பாருங்கள், அந்தப் பயணத்துக்கு உங்கள் துறையில் இருக்கும் சிறு தொகையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளிதான் ஆகும்.

3. சிங்கப்பூர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து சிங்கப்பூர் 1996 இலேயே வெளியேறிவிட்டது. பணக்கார நாடுகள் தங்கள் உதவி நிதியிலிருந்து தரும் ஆய்வுப் பணம் இலங்கைக்கும் பிலிப்பீன்ஸுக்கும் போகலாம், நமக்கு வராது, அல்லது மிகக் குறைவாக வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் 2021 முதல் 2027 வரை சுமார் 95.5 பில்லியன் யூரோ கொண்ட பெரும் ஆய்வு நிதித் திட்டம். அதில் சிங்கப்பூர் நிறுவனங்கள் சேரலாம், ஆனால் தானாக நிதி கிடைக்கும் நாடுகளின் வரிசையில் நாம் இல்லை. ஆகவே அங்கே போகும்போது நம் செலவை நாமே கொண்டுபோக வேண்டும்.

இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். இலங்கைக் கூட்டாளி முதன்மை ஆய்வாளராக இருக்கட்டும், நாம் இரண்டாவது இடத்தில் நின்று நம் பங்குக்கு உள்ளூர் மானியம் தேடுவோம். பல திட்டங்களுக்கு அதுதான் நியாயமான அமைப்பும்கூட.

4. சரி, பணம் எங்கே இருக்கிறது

உள்ளூரில் முதலில் பார்க்க வேண்டியது கல்வி அமைச்சின் பணம். பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ஆய்வு நிதியம் அடுக்கு 1, அடுக்கு 2 என்று இருக்கிறது. முதல் அடுக்கைப் பல்கலைக்கழகமே பிரித்துத் தரும், தொடக்க முயற்சிக்கு அது போதும். 2016 இல் அமைக்கப்பட்ட சமூக அறிவியல் ஆய்வு மன்றம் கருப்பொருள் மானியம் தருகிறது, நம் சமரச ஆய்வின் சிங்கப்பூர்ப் பகுதி அதற்குப் பொருந்தும். ஆனால் இந்தப் பணம் பொதுவாக இங்கே செலவழிக்க வேண்டியது. வெளிநாட்டுக் கூட்டாளிக்குச் சம்பளம் தர இதை நம்பாதீர்கள்.

பணத்தை விட மதிப்புள்ள உள்ளூர் உதவி ஒன்று உண்டு, மனிதர்கள். ஹெங் முய் கெங் டெரஸுக்குப் போனால், தென்கிழக்காசியாவை ஆய்வு செய்யும், 1968 இல் தொடங்கிய ஐசியாஸ் யூசோஃப் இஷாக் கழகமும் 2004 இல் தொடங்கிய தெற்காசிய ஆய்வுக் கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நன்யாங்கில் ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுக் கல்லூரி இருக்கிறது. அவர்கள் நடத்தும் கருத்தரங்குகளுக்குப் போய் உட்காருங்கள். பிலிப்பீன்ஸின் தெற்கிலுள்ள மிண்டனாவோவில் யார் உண்மையில் களத்தில் வேலை செய்கிறார்கள் என்பது எந்த இணையதளத்திலும் கிடைக்காது, தேநீர் இடைவேளையில் கிடைக்கும்.

வெளியே என்று பார்த்தால், நம் வகைத் திட்டத்துக்கு நான் முதலில் சொல்வது ஜப்பானின் டொயோட்டா அறக்கட்டளை. அதன் அனைத்துலக மானியத் திட்டம் ஆசிய நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வதற்கானது. ஆய்வாளர்கள் மட்டும் இல்லாமல் களப்பணியாளர்களும் அணியில் இருப்பதை அவர்கள் விரும்புகிறார்கள். மத்தியஸ்த சபை உறுப்பினர் ஒருவரும் நம் சமரச நிலையத் தொண்டூழியர் ஒருவரும் நேரில் சந்திக்கும் திட்டம் என்றால் அங்கே கேட்கலாம். 1986 இல் தொடங்கிய சசகாவா அமைதி அறக்கட்டளையும் டோக்கியோவில்தான் இருக்கிறது.

வன்முறை ஏன் நடக்கிறது, எப்படி நிற்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் நியூயார்க்கின் ஹாரி ஃபிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளையைப் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், முனைவர் பட்ட மாணவர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் நகரில் ஜெர்மன் அமைதி ஆய்வு அறக்கட்டளை 2000 இலிருந்து இருக்கிறது, ஆனால் ஜெர்மனியில் இருக்கும் ஆய்வாளர் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். வரலாறு சார்ந்த கேள்விகளுக்கு டுசெல்டார்ஃபின் கெர்டா ஹெங்கெல் அறக்கட்டளை. கனடாவின் அனைத்துலக வளர்ச்சி ஆய்வு மையமான ஐடிஆர்சி, வளரும் நாட்டு நிறுவனங்களுக்கு நேராகவே பணம் தரும் பழக்கம் உள்ளது, அங்கே உங்கள் கூட்டாளி முன்னிற்கட்டும், நீங்கள் பின்னிற்குமாறு எழுதுங்கள். சிறிய தொகை போதும் என்றால் அனைத்துலக அமைதி ஆய்வுச் சங்கத்தின் அறக்கட்டளை சிறு மானியங்கள் தருகிறது.

ஒரே ஒரு அரசாங்கத்தின் பணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. பிரிட்டன் 2021 இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, நடந்துகொண்டிருந்த ஆய்வுத் திட்டங்களே பாதியில் வெட்டப்பட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் 1984 இல் உருவாக்கிய அமைதிக் கழகத்தில் 2025 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். இரண்டு முறையும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி இருந்தன. இரண்டு மூலங்களிலிருந்து வரும் பணம், இரண்டு மடங்கு அறிக்கை வேலை என்பது உண்மைதான், ஆனால் ஒன்று நின்றாலும் களத்தில் இருப்பவரின் சம்பளம் நிற்காது.

5. பட்ஜெட்டை வெளியிலிருந்து உள்ளே எழுதுங்கள்

பெரும்பாலோர் சிங்கப்பூர் ஆய்வு உதவியாளரின் சம்பளத்தை முதலில் எழுதுவார்கள், அதுவே பாதியைத் தின்றுவிடும், மிச்சத்தைக் கூட்டாளிகளுக்குப் பிரிப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் மட்டக்களப்பு, அப்புறம் மிண்டனாவோ, கடைசியில் நாம்.

எல்லாரும் குறைத்து எழுதும் செலவு, பேட்டிகளை எழுத்தாக்குவது. நாற்பது பேட்டி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் அறுபது மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய ஐந்து மணி நேரம் வைத்தால் முந்நூறு மணி நேரம். கிழக்கிலங்கைத் தமிழைக் கேட்டுப் புரிந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர இன்னொரு முந்நூறு. மொத்தம் 75 முழு வேலை நாட்கள், ஒரு ஊருக்கு மட்டும். "மொழிபெயர்ப்பு: 1,500 வெள்ளி" என்று ஒற்றை வரி எழுதினால் அந்த வேலை கடைசியில் யாரோ ஒரு மாணவி இரவில் இலவசமாகச் செய்வதில் போய் முடியும்.

நாணய மதிப்பையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360 அளவுக்குப் போய்விட்டது. ரூபாயில் தொகையை முடித்துவைத்திருந்த கூட்டாளிகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போகக்கூடக் கட்டுப்படவில்லை, பெட்ரோலும் கிடைக்கவில்லை. கூட்டாளியின் பங்கை டாலரிலோ வெள்ளியிலோ எழுதுங்கள், தவணை வரும் நாளின் மதிப்பில் அவர் மாற்றிக்கொள்ளட்டும்.

நிர்வாகச் செலவு அடுத்தது. உள்ளூர் அரசு மானியங்களில் 30 விழுக்காடு வரை மறைமுகச் செலவு சேர்க்கும் வழக்கம் இருப்பதால் நம் பல்கலைக்கழக அலுவலகங்கள் அதையே எதிர்பார்க்கும். தனியார் அறக்கட்டளைகளில் பல 10 அல்லது 15 விழுக்காட்டுக்கு மேல் தராது, சில ஒன்றுமே தராது. உங்கள் துறைத் தலைவர் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறாரா என்று விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கும் அந்தச் சிறு நிர்வாகத் தொகையையும் கூட்டாளியோடு பகிருங்கள். அவர்கள் அலுவலகத்திலும் மின்கட்டணம் வருகிறது, கணக்காளர் இருக்கிறார்.

இன்னும் இரண்டு வரிகள் கட்டாயம்: களப்பணியாளர்களுக்குக் காப்பீடு, திடீரென்று ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் ஒரு அவசரத் தொகை. நிதி தருபவர்கள் இதைக் கேள்வி கேட்பார்கள் என்று பயப்படாதீர்கள், அமைதி ஆய்வைப் புரிந்தவர்கள் இந்த வரி இல்லாவிட்டால்தான் கேள்வி கேட்பார்கள்.

6. பணம் எல்லை தாண்டும் வழி

தமிழ்நாட்டில் கூட்டாளி வேண்டும் என்று நம்மவர்கள் இயல்பாக நினைப்போம். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு புதுடெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் ஒரு கணக்கு வைத்து அதில்தான் பெற வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் கூடாது. மதுரையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பி அவர்கள் ராமநாதபுரத்தில் இருக்கும் சிறு அமைப்புக்குக் கொடுப்பார்கள் என்று திட்டம் போட்டால் அது சட்டப்படி நடக்காது. ஒவ்வொருவரின் பதிவையும் முதலிலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்தோனேசியாவில் வெளிநாட்டு ஆய்வாளராக நீங்கள் களத்துக்குப் போனால் தேசிய ஆய்வு அமைப்பான பிரின் வழியாக அனுமதி வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுக்காதீர்கள். மியன்மார் 2022 அக்டோபரில் கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் அனைத்துலக நிதி நடவடிக்கைக் குழுவின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் துருவுகின்றன, மாற்றுவழி தெரிந்தவரிடம் பேசாமல் தொகை எழுதாதீர்கள்.

நம் பக்கமும் சட்டங்கள் உண்டு. 2021 இல் நிறைவேறிய வெளிநாட்டுத் தலையீட்டு எதிர்நடவடிக்கைச் சட்டத்தை உங்கள் அலுவலகச் சட்டப் பிரிவோடு சேர்ந்து ஒருமுறை படியுங்கள், இனம், மதம், அரசியல் தொடும் ஆய்வுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கும்போது கேள்வி வரும் முன் நாமே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், தமிழ் அமைப்புகள் சேர்ந்து பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிநாட்டு ஆய்வுக்கு அனுப்பலாமே என்று சிலர் நல்ல மனதோடு கேட்பார்கள். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவழிய வேண்டும் என்பது பொது விதி.

7. நெறிமுறை அனுமதி, பேசுபவர்களின் பாதுகாப்பு

இரண்டு அனுமதி வேண்டும், இங்கே நம் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, அங்கே அவர்களுடையது. இங்குள்ள படிவத்தில் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். போரில் பெயர்ப்பட்டியல்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்களிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று அனுமதி கேளுங்கள், காரணத்தைக் கூட்டாளியின் வார்த்தைகளிலேயே எழுதுங்கள், குழுக்கள் புரிந்துகொள்கின்றன. ஒலிப்பதிவும் பெயர்ப்பட்டியலும் ஒரே கணினியில் இருக்கக்கூடாது. சிங்கப்பூருக்குத் தரவு வரும்போது பெயர் இல்லாமல் வரட்டும்.

8. எழுதும்போது

பல நாட்டுத் திட்டத்துக்கு அறிவிப்பு வந்த நாளிலிருந்து பணம் கணக்கில் விழ ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நாலு மாதம் நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கே போகும். தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று அதில்தான் எழுதப்படும், ஆகவே வழக்கறிஞர் அனுப்பும் நகலைப் படிக்காமல் கூட்டாளிக்கு அனுப்பாதீர்கள். விண்ணப்பத்தின் முதல் வரைவைக் கூட்டாளி எழுதட்டும், தமிழிலேயே எழுதினாலும் சரி, நாம் ஆங்கிலமாக்குவோம். அவர் எழுதும் முதல் பக்கத்தில் நமக்குத் தோன்றாத ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். என் அனுபவத்தில் நடுவர்கள் பாராட்டிய வரிகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை.

நிராகரிப்பு வந்தால் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள், ஒரு வாரம் விட்டுப் படியுங்கள், அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

9. பணம் வந்த பிறகு

முதல் தவணை வந்த வாரமே கூட்டாளிக்கு முன்பணம் போக வேண்டும், ஆறு மாதச் சம்பளமாவது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு வாங்குங்கள், ஆனால் ஒரு பஸ் டிக்கெட் தொலைந்ததற்காக மின்னஞ்சல் போர் நடத்தாதீர்கள். ஊருக்குள் போகும் ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது, அதற்கு நாள் படி என்று ஒரு தொகையை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடலாம்.

கண்டுபிடிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும், மிண்டனாவோவில் பேசும் மொழியிலும் சிறு நூலாகப் போட்டு, பேசியவர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கும் பயணத்துக்கு முதல் பட்ஜெட்டிலேயே இடம் வையுங்கள், மண்டப வாடகை, தேநீர், அச்சு எல்லாம் சேர்த்து. பல நிதியாளர்கள் இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பத்து விழுக்காடு. அந்தப் பத்து விழுக்காட்டை உங்கள் பல்கலைக்கழகம் தாங்கட்டும், கூட்டாளியின் பங்கு முழுவதும் அவர் வேலை முடித்த மாதமே போய்ச் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். நான் இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் அந்த வரியைத் தட்டச்சு செய்கிறேன்.